விடுமுறையில் ஒரு வேளாண் சங்கமம்

கடல் கடந்து பொருள் தேடச் சென்றவனின் விடுமுறை நாட்கள் பெரும்பாலும் அவனுடையவையாக இருப்பதில்லை. உறவினர் வீட்டு நிக்காஹ், நோயுற்றோரை நலம் விசாரித்தல், பத்திரப் பதிவு அலுவலகம் என்று முப்பது நாட்களும் மூன்று நாட்களாய்க் கரைந்துவிடும். 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனைவி மக்களுடன் திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்தபோதும் எனக்கு அப்படித்தான் கழிந்தது. எனினும் அவ்விடுமுறையில் ஒரே ஒரு நாள் மட்டும் இன்றளவும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் அம்முறை வந்ததற்கு ஒரு நோக்கம் இருந்தது. ஸ்ரீரங்கம் தீவில், கொள்ளிடக் கரையோரம், மர்ஹூம் அத்தா எங்களுக்கு விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கர் வாழைத் தோட்டம் இருக்கிறது. அத்தாவின் மறைவுக்குப் பின் அதனை வாரத்திற்குப் பயிர் செய்து வருபவர் என் தாய்மாமா. சுற்றிலும் இருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக மனைப் பிரிவுகளாகி, எல்லைக் கற்கள் முளைத்துவிட்டன. எங்கள் நிலத்திற்கும் தரகர் ஒருவர் நல்ல விலை பேசியிருந்தார். அந்தப் பணத்தில் நகருக்குள் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது என் எண்ணம். தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. அவளுடைய மகளின் கல்லூரிப் படிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூலை 31, திங்கட்கிழமை, முன்பணம் பெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக ஏற்பாடு.

மாமா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “உங்கள் நிலம், உங்கள் விருப்பம் தம்பி” என்று மட்டும் சொன்னார். ஆனால் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னதாக, “தாயனூரில் அரசாங்கம் நடத்தும் விவசாயக் கண்காட்சி சனிக்கிழமையோடு முடிகிறதாம். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வருவோமா?” என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. ஆகவே மறுக்க மனம் வரவில்லை.

நோன்பும் பயணமும்

அந்தச் சனிக்கிழமை, ஜூலை 29, முஹர்ரம் பத்தாம் நாள். அரசு விடுமுறை. மாமாவும் நானும் என் துணைவியாரும் ஆஷூரா நோன்பு நோற்றிருந்தோம். பிள்ளைகள் இருவருக்கும் நோன்பு இல்லை. மாமாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. வாய் இறுகக் கட்டியிருந்தது. “என்ன மாமா இது?” என்றேன். “அங்கே காட்ட வேண்டிய பொருள்” என்று சொல்லிக் காலடியில் வைத்துக்கொண்டார்.

பாலக்கரையிலிருந்து வண்டி தென்மேற்காகச் சென்றது. நகரின் நெரிசல் முடிந்து வெளி விரியத் தொடங்கியதும் மாமா வழிகாட்டியாகவே மாறிவிட்டார். திருச்சியை மலைக்கோட்டையும் மெயின்கார்டுகேட்டும் கொண்ட வணிக நகரமாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் இதன் சுற்றுப்புறம் வேளாண்மைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்றது. நாவலூர் குட்டப்பட்டில் 1989இல் தொடங்கப்பட்ட அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. களரும் உவரும் படிந்த நிலத்திலும் விளையக்கூடிய திருச்சி 1, திருச்சி 3 முதலிய நெல் இரகங்கள் அங்கு உருவானவை. தாயனூர் வட்டாரத்திலேயே 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 21இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உள்ளது. முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளை அங்கு வளர்த்துப் பாதுகாக்கிறார்கள். உலகிலேயே மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. அந்நாட்டின் வாழை ஆராய்ச்சித் தலைமையகம் நம் ஊர் எல்லையில் இருப்பதை அன்றுவரை நான் அறிந்திருக்கவில்லை என்று எழுத நாணமாகவே இருக்கிறது.

கண்காட்சித் திடலில்

தமிழ்நாட்டில் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை முதன்முதலாக 2021இல் வந்தது. அதன் பின் நடந்த பெரிய விழாக்களுள் ஒன்று ‘வேளாண் சங்கமம் 2023’. ஜூலை 27இல் முதலமைச்சர் தொடங்கி வைத்த அவ்விழா, தாயனூர் கேர் பொறியியல் கல்லூரி வளாகத்தில் மூன்று நாட்கள் நடைபெற்றது. நாங்கள் சென்றது நிறைவு நாள். மேல் துண்டும் கையில் விதைப் பொட்டலமுமாக உழவர் பெருமக்கள் அலை அலையாக வந்துகொண்டிருந்தனர். பெண்களின் கூட்டமும் குறைவில்லை.

முதலில் பிள்ளைகளை ஈர்த்தவை இயந்திரங்கள். நாற்று நடும் கருவி, களையெடுக்கும் கருவி, மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானம் ஆகியவற்றை என் மகன் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தான். மாமாவோ சொட்டுநீர்க் குழாயின் அருகில் குனிந்து, துளி விழும் இடைவெளியை எண்ணிக்கொண்டு நின்றார்.

என் துணைவியார் நின்ற இடம் மரபு நெல் அரங்கு. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, காட்டுயானம் என்று சிறு சிறு தட்டுகளில் நெல்லும் அரிசியும். பொன்னிறம், செந்நிறம், கருநிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 மரபு இரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் போன்றோர் உழைத்திராவிட்டால் அத்தட்டுகளில் பல வெறுமையாகவே இருந்திருக்கும். நம் இல்லங்களில் பிரியாணி என்றால் சீரகச் சம்பாதான். ஆனால் அரிசியாய் அல்லாமல் நெல்லாய், கதிராய் அதனைக் கண்டிருப்போர் நம்மில் எத்தனை பேர்? “நம் பிரியாணி இதிலிருந்தா வருகிறது?” என்று என் மகள் ஒரு கதிரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

2023ஐ ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. ஆகவே தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றால் செய்த பண்டங்களுக்குக் குறைவில்லை. மகளிர் சுய உதவிக் குழு அம்மையார் ஒருவர் தினை லட்டுகளை இலைத் துண்டில் வைத்து எங்கள் எல்லோருக்கும் நீட்டினார். பிள்ளைகள் வாங்கிக்கொண்டனர். மாமா இரு கைகளையும் கூப்பி, “நோன்பு வைத்திருக்கிறோம் தாயே” என்றார். அவர் உடனே ஆறு லட்டுகளைத் தாளில் மடித்து, “அப்படியானால் நோன்பு திறக்கும்போது சாப்பிடுங்கள் அண்ணே” என்று மாமாவின் சட்டைப் பையில் வைத்தார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். இத்தகைய மனிதர்கள் நடுவில்தான் நாம் வாழ்கிறோம் என்ற நினைப்பு எத்துணை ஆறுதல் தருகிறது!

பையில் இருந்த பொருள்

லுஹர் தொழுகையை மரநிழலில் நிறைவேற்றிவிட்டு வாழை அரங்கிற்குச் சென்றோம். அங்கு தார்கள் தோரணம் போல் தொங்கின. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன், மொந்தன், ஏலக்கி, பச்சை நாடன், செவ்வாழை என்று ஒவ்வொன்றின் கீழும் பெயர்ப் பலகை. வாழை மாவு, வாழைப்பூத் தொக்கு, தண்டுச் சாறு, நாரில் பின்னிய பைகள் ஆகியன ஒரு புறம்.

“அத்தா, நம் தோட்டத்து வாழை இதில் எது?” என்று மகன் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்து வருவாயில் படித்து வளர்ந்தவன் நான். விற்கப் போகும் நிலத்தின் சதுர அடிக் கணக்கு என் நாவின் நுனியில் இருந்தது. அதில் விளையும் பயிரின் பெயர் மட்டும் தெரியவில்லை. மாமாதான், “ரஸ்தாளி ராஜா, ரஸ்தாளி. உன் அத்தாவைப் படிக்க வைத்தது இதுதான்” என்று ஒரு தாரைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு, நோய்களைப் பற்றி உழவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த இளம் பெண் விஞ்ஞானியிடம் சென்று, பையை அவிழ்த்தார். உள்ளே மண்ணோடு ஒரு வாழைக்கிழங்கு. அவர் கண்டதும் பதறி, “ஐயா, தயவு செய்து கட்டிவிடுங்கள்!” என்றார். மாமா திகைத்துப் போனார். அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

விஞ்ஞானி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கோபித்துக்கொள்ளாதீர்கள். இது வாடல் நோயாக இருந்தால், இந்த மண்ணில் ஒரு சிட்டிகை போதும், அடுத்தவர் தோட்டத்திற்குப் போய்விடும். படம் எடுத்துக்கொண்டு வந்தாலே போதுமானது” என்று சொல்லி, ஒரு தாளை விரித்து, கையுறை அணிந்து, கிழங்கை அதன் மேல் வைத்துக் குறுக்கே வெட்டினார். வெண்மையாக இருக்க வேண்டிய உட்புறத்தில் செம்பழுப்பு நிறக் கோடுகள் ஓடியிருந்தன.

“அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போல் தொங்குகிறதா?”

“ஆமாம் அம்மா.”

“தண்டின் அடியில் நெடுக வெடிப்பு?”

“ஆமாம். போன வருஷம் இருபது மரம். இந்த வருஷம் அறுபதுக்கு மேல்.”

இதனை மாமா எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்கும் தெரியாது. வார நெல் அளப்பது போல் ஆண்டுதோறும் எங்கள் பங்குப் பணம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணிப் பார்த்தேன். தொண்டை அடைத்தது.

ஒரு பயிரின் கதை

அவ்விஞ்ஞானி விளக்கியவற்றை வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். நாம் மரம் என்று அழைக்கும் வாழை உண்மையில் மரமன்று. இலைகளின் அடிப்பகுதி ஒன்றை ஒன்று தழுவி உருண்டதே அதன் தண்டு. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை. பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டே தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறோம். எனவே ஒரு தோட்டத்து ரஸ்தாளிகள் அனைத்தும் ஒரே தாயின் அச்சுப் பிரதிகள். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்த வல்லது.

அந்நோயைப் பனாமா வாடல் நோய் என்பர். ஃபியூசேரியம் என்னும் மண்வாழ் பூஞ்சை வேர் வழியே புகுந்து, நீரேறும் குழல்களை அடைத்துவிடுகிறது. வாழை இல்லாவிட்டாலும் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்திய அமெரிக்க நாடுகளின் வாழை வணிகத்தையே இது புரட்டிப் போட்டது. அன்று உலகெங்கும் விற்ற ‘குரோ மிஷேல்’ வகை கைவிடப்பட்டு, நோயைத் தாங்கிய ‘கேவண்டிஷ்’ அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அந்தக் கேவண்டிஷையும் தாக்கும் புதிய வகைப் பூஞ்சை பல நாடுகளில் பரவி, அண்மை ஆண்டுகளில் நம் நாட்டின் பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளிலும் காணப்பட்டுள்ளது. சுவையில் உயர்ந்த ரஸ்தாளி, துரதிருஷ்டவசமாக இந்நோய்க்கு எளிதில் இரையாகும் வகை. கற்பூரவல்லியும் மொந்தனும் கூடத் தப்புவதில்லை. பூவன் தாங்கி நிற்கும்.

“மருந்து?” என்று கேட்டேன்.

“வந்த பின் காப்பாற்ற மருந்து இல்லை சார். நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழித்து, குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த மரத்திற்குக் கொண்டுபோகக் கூடாது. ரஸ்தாளியை நிறுத்திவிட்டு, நீர் தேங்கும் நெல்லை மாற்றுப் பயிராகச் செய்யுங்கள். பூஞ்சை வலுவிழக்கும். பிறகு நோயற்ற பூவன் கன்று நடலாம்” என்றார். “நிலம் செத்துவிடவில்லை ஐயா. களைத்துப் போயிருக்கிறது” என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

மாமா அதனைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கொள்ளிடக் கரையில் மாலை

திரும்பும் வழியில் நேரே தோட்டத்திற்குப் போகலாம் என்றேன். காவிரிப் பாலத்தைக் கடந்தோம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டிருந்ததால் ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்கிற்கு இன்னும் ஐந்து நாட்கள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிய, தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் தழுவிக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். மேலணை 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்தது. கிழக்கே இருக்கும் கல்லணையோ கரிகாலன் பெயரோடு வழங்குவது. இரு அணைகளுக்கும் இடைப்பட்ட வண்டல் மண்ணில் வாழை செழித்ததில் வியப்பில்லை.

1987இல் நிறைவுற்ற ராஜகோபுரம் தொலைவிலேயே கண்ணில் பட்டது. “உள்ளே துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது, தெரியுமா?” என்று மாமா பிள்ளைகளிடம் சொன்னார். தில்லி சுல்தானின் மகளைப் பற்றிய அந்தக் கதையையும், அங்கு ரொட்டி படைக்கும் வழக்கத்தையும் கேட்டு அவர்கள் வியந்தனர். நாம் வேறு, அவர்கள் வேறு என்று பேசுவோர் பெருகிவிட்ட நாளில், இந்த ஊரின் நினைவில் இப்படியும் ஒன்று பதிந்திருப்பதைப் பிள்ளைகள் அறிவது நல்லது.

தோட்டத்தில் அறுபது மரங்கள் இலை தொங்கி நின்றன. முன்பு வந்தபோதும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். கோடைக் காய்ச்சல் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். ஆறரை மணியைத் தாண்டிச் சூரியன் இறங்கியது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்தோம். மாமா சட்டைப் பையிலிருந்து அந்தத் தினை லட்டுகளை எடுத்துப் பகிர்ந்தார். பின்னர் நோயற்ற ஓரத்து மரம் ஒன்றிலிருந்து பழுத்த சீப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ரஸ்தாளி! மெல்லிய தோல், வெண்ணிறச் சதை, இனிப்பின் ஊடே ஒரு சிறு புளிப்பு. அத்தா வீட்டுக்குள் நுழையும்போது கூடவே வரும் மணம் அது.

“மாமா, நட்டத்தை ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் உடனே விற்றுவிடலாம் என்பீர்கள். விற்கத்தான் வேண்டுமென்றால், நோயாளியாக விற்கக் கூடாது. குணமாக்கி விற்க வேண்டும் என்று நினைத்தேன்.” சற்று நேரம் கழித்து, “நட்ட மரத்திலே பறவை தின்றாலும் நட்டவனுக்கு அது தர்மம் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) சொல்லியிருக்கிறார்களே. உன் அத்தா நட்டது இது. அந்தக் கணக்கை நாமே மூடிவிட வேண்டாமே என்று ஒரு ஆசை. வேறொன்றுமில்லை” என்றார்.

கணக்கும் முடிவும்

அன்றிரவு அம்மாவும் தங்கையும் நானும் அமர்ந்து பேசினோம். உணர்ச்சி வேகத்தில் முடிவெடுக்க நான் விரும்பவில்லை. சொந்த வீடு என்பது என் மனைவியின் பல ஆண்டுக் கனவு. தங்கையின் பங்கு அல்லாஹ் வகுத்த பங்கு. என் மனநிறைவுக்காக அவள் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தங்கை வெளிப்படையாகவே, “அண்ணன், எனக்கும் நிலம் போவது வருத்தம்தான். ஆனால் மகளின் கட்டணத்தை வருத்தத்தால் கட்ட முடியாது” என்றாள். அவள் சொன்னது நியாயம்.

முடிவில், அவள் பங்கிற்குரிய தொகையை விலை பேசிய மதிப்பிலேயே நான் தவணைகளாகக் கொடுத்துவிடுவதென்றும், வீட்டை ஒத்திப்போடுவதென்றும் தீர்மானித்தோம். அதற்கு முதலில் ஒப்புதல் தந்தவர் என் துணைவியார்தான். திங்கட்கிழமை தரகரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். நாங்கள் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அதனை மறைத்துவிட்டு இக்கதையை இனிப்பாக மட்டும் சொல்வது நேர்மையாகாது.

நோயுற்ற வாழைகள் தோண்டி அழிக்கப்பட்டன. இரண்டு போகம் நெல் வைத்தார் மாமா. அதில் ஒரு பகுதி சீரகச் சம்பா. முதல் ஆண்டு மழையில் பாதி சாய்ந்துவிட்டது. மீதி வீட்டிற்கு ஆயிற்று. 2025இல் பூவன் கன்றுகள் நடப்பட்டன. பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் மாமாவோடு சேர்ந்து பயிர் செய்கிறார். இப்போது இலை அறுத்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். மாமாவுக்கு வயதாகிறது. நாளை எப்படியோ, அல்லாஹ்வே அறிவான். ஆனால் மகன் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், “எத்தனை இலை விட்டிருக்கிறது?” என்று கேட்கிறான்.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊர் வரும்போது பிள்ளைகளைக் கடைவீதிக்கும் கடற்கரைக்கும் மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். வேளாண்மைக் கண்காட்சி எங்கு நடந்தாலும் ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். சிறுகமணியிலும் பிற இடங்களிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களைக் கேட்டறியுங்கள். நிலம் உள்ளவர்கள், அதில் பாடுபடுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லத் தயங்கும் ஏதேனும் ஒன்று அவர் கைப்பையில் இருக்கக்கூடும். ஆனால் ஒன்று: நோயுற்ற கிழங்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படம் போதும்!